காலுக்கு வந்தது செருப்போடு போகுமா?

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் கவனத்துக்கு

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்று ஒரு பழமொழி உண்டு. பெரிய ஆபத்து ஒன்று சிறிய நஷ்டத்தோடு விலகிப் போனால் பெரியவர்கள் இதைச் சொல்லி ஆறுதல் அடைவார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் விஷயத்தில் இந்தப் பழமொழி ஏறக்குறைய அப்படியே பலித்துவிட்டது. தலைப்பாகை இருந்த இடத்தில் இப்போது ஹெல்மெட் இருக்கிறது. தலைக்கு வருவது பல சமயங்களில் அதோடு போய்விடுகிறது. ஆனால், காலுக்கு வருவது? அது செருப்போடு போகிறதா? போவதில்லை. செருப்புத்தான் முதலில் கழன்று ஓடிவிடுகிறது. வந்தது காலோடு நின்றுவிடுகிறது!

காலை எட்டு மணிக்குக் கோயம்புத்தூர் அவினாசி சாலையிலோ, திருச்சி சாலையிலோ சற்று நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். பீளமேட்டுப் பம்பு பட்டறைக்கும், கணபதியில் உள்ள பவுண்டரிக்கும், பஞ்சாலைக்கும், கல்லூரிக்கும் வரிசை வரிசையாக வண்டிகள் போகின்றன. தலைகளைப் பார்த்தால் ஹெல்மெட்டுகள். அப்படியே பார்வையைக் கீழே இறக்கினால் ரப்பர் செருப்புகள். வாரறுந்து ஊக்கு மாட்டிய செருப்புகள். சில வண்டிகளில் வெறுங்கால்கள். கேட்டால் வரும் பதிலும் ஒன்றுதான்: "பக்கத்துலதானுங்க போறேன், இதுக்குப் போய் பூட்ஸ் எதுக்குங்க?"

பக்கத்தில் போகிறவர்களும் விழத்தான் விழுகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது ஊருக்குள் யாரும் வேகம் என்றே நினைக்காத வேகம். அந்த வேகத்தில் ஒரு வண்டி ஒரே விநாடியில் 11 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். கருங்கல் ஜல்லி போட்ட தார்ச்சாலையில் அந்த 11 மீட்டரில் ஒரு பகுதியைக் கால் உரசிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

வண்டியைக் கொண்டாடும் ஊர்

கொங்கு நாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1893-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு, இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தார். கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்த 'ரட்ஜ்' வண்டியை வாங்கினார் என்றும், வாங்கியவுடன் அதைக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பும் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார் என்றும் அவருடைய வரலாறு சொல்கிறது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டிப் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியவரும் அவரே. கோவை, யந்திரங்களின் ஊரானதற்கு ஒரு மோட்டார் சைக்கிளும் காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு 1955-ல் 'என்பீல்டு' நிறுவனம் சென்னையில் கால் ஊன்றியது. 'புல்லட்' வண்டியின் தடதடப்பு பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும், காங்கயத்துக் களத்துமேடுகளிலும் கேட்கத் தொடங்கியது. 1980-ல் 'டி.வி.எஸ். 50' வந்தது. அது நடுத்தரக் குடும்பங்களையும் சிறு விவசாயிகளையும் வண்டிக்காரர்கள் ஆக்கிவிட்டது. பால் கேன், தேங்காய் மூட்டை, தீவனப் புல், நூல் பண்டல் எல்லாம் அதில் ஏறின. 2003-ல் செட்டிபாளையத்தில் 'காரி மோட்டார் ஸ்பீட்வே' என்னும் பந்தயக் களம் திறக்கப்பட்டது. 1995-ல் விமான விபத்தில் காலமான கார்ப் பந்தய வீரர் கரிவரதனின் நினைவாக அமைந்தது அது.

அந்தக் களத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடும் வீரரின் காலைக் கவனிக்க வேண்டும். கெண்டைக்கால் வரை ஏறிய கனத்த பூட்ஸ் அணிந்திருப்பார். அது இல்லாமல் அவரைக் களத்தில் இறங்க விடமாட்டார்கள். எதிரே லாரி வராத, குறுக்கே மாடு வராத, நடுவே பள்ளம் இல்லாத களத்திலேயே இத்தனை பந்தோபஸ்து. இவை மூன்றும் தாராளமாகக் கிடைக்கும் பொதுச்சாலையில் ரப்பர் செருப்பு! விசித்திரமான கணக்கு அல்லவா?

கால் செய்யும் வேலை

வண்டி ஓட்டும்போது தலை பார்க்கிறது, காது கேட்கிறது, வேலை செய்பவை கையும் காலுமே. இடது கால் கியரை மாற்றுகிறது. வலது கால் பின் பிரேக்கை மிதிக்கிறது. சிக்னலில் நின்றால் வண்டியின் பாரத்தைத் தாங்கித் தரையில் ஊன்றுவதும் கால்தான். வண்டி சறுக்கினால் யாரும் சொல்லாமலே முன்னால் நீளுவதும் அதே கால்தான். பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. எல்லாம் சிறியவை; ஒன்றோடு ஒன்று பிணைந்தவை. கணுக்காலின் இரு புறமும் புடைத்து நிற்கும் எலும்பு முண்டுகளுக்கு மேல் சதைப்பற்றே கிடையாது. தோல் மட்டுமே போர்வை.

இப்படிப்பட்ட காலுக்கு வண்டியில் என்னென்ன ஆபத்துகள் வரக்கூடும்?

முதலாவது, உராய்வு. விழுந்தவர் சாலையில் இழுபட்டுப் போகும்போது கணுக்காலும், குதிகாலும், விரல்களும் முதலில் தேய்கின்றன.

இரண்டாவது, நசுங்கல். சாதாரண மோட்டார் சைக்கிளே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். புல்லட் என்றால் 190 கிலோவுக்கும் மேல். வண்டி சாயும்போது கால் பெரும்பாலும் அதற்கு அடியில்தான் அகப்பட்டுக்கொள்கிறது. இதற்கு வேகம்கூட வேண்டாம். வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போதும் நடக்கும்.

மூன்றாவது, முறுக்கல். கால் தரையிலோ வண்டியிலோ சிக்கி நிற்க, உடம்பு வேறு பக்கம் திரும்பினால் கணுக்கால் முறுக்கிக்கொள்ளும்.

நான்காவது, சூடு. ஓடி நின்ற வண்டியின் சைலன்சர் பட்டுக் கொப்புளம் கண்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, சக்கரக் கம்பியும் சங்கிலியும். இதைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம்.

இவை தவிர, பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு என்றே ஒன்று உண்டு. உதைத்துக் கிளப்பும்போது எஞ்சின் திருப்பி உதைத்தால், கிக்கர் சீறிக்கொண்டு மேலே வந்து கணுக்காலையோ முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பையோ பதம் பார்த்துவிடும்.

செருப்பு இவற்றில் எதையும் தடுப்பதில்லை. அது மட்டுமா? விபத்துக்குக் காரணமாகவும் அமைகிறது. மழையில் நனைந்த ரப்பர் செருப்புக்குள் கால் வழுக்குகிறது. பிரேக்கை அவசரமாக மிதிக்கும்போது செருப்பின் முன்நுனி மடிந்து மிதியின் அடியில் மாட்டிக்கொள்கிறது. கியரை விரலால் மேலே தூக்கும் வண்டிகளில் வெறும் விரல் இரும்போடு மல்லுக்கட்டுகிறது. செருப்பு நழுவுகிறதே என்று ஓட்டுபவர் ஒரு கணம் கீழே பார்க்கிறார். அந்த ஒரு கணத்தில் முன்னால் போகிற பஸ் நின்றுவிடுகிறது.

வைத்தியர்கள் போடும் கணக்கு

கால் காயத்தைப் பற்றிப் பேசும்போது கோவையை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1978-ல் டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் நிறுவிய கங்கா ஆஸ்பத்திரியின் டாக்டர்கள், நொறுங்கிப்போன காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிடத்தான் வேண்டுமா என்று தீர்மானிப்பதற்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், ஒட்டறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜா சபாபதி முதலானோர் உருவாக்கிய இந்த முறை 2006-ல் பிரிட்டிஷ் எலும்பு வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. கோவை ஆஸ்பத்திரியின் பெயரிலேயே உலகெங்கும் வைத்தியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, சதை கிழிந்து வெளியே தெரியும் காயங்களுக்கான கணக்கு இது. தோலும் மேல்மூடியும் எவ்வளவு போயிற்று, எலும்பும் மூட்டும் எவ்வளவு சிதைந்தன, தசையும் நரம்பும் எவ்வளவு கெட்டன என்று மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுகிறார்கள். அதோடு, காயம்பட்டு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதா, சாக்கடையோ சாணமண்ணோ காயத்தில் புகுந்ததா, நோயாளிக்குச் சர்க்கரை வியாதி உண்டா, வயது 65-ஐத் தாண்டியதா என்பன போன்றவற்றையும் சேர்க்கிறார்கள். மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் காலைக் காப்பாற்ற முயல்வார்கள். 17 அல்லது அதற்கு மேல் வந்தால் எடுத்துவிடுவதே நல்லது என்று பொருள். இரண்டுக்கும் நடுவே வந்தால் நிபுணர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூட்ஸ் போட்டால் இத்தகைய முறிவு வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், வைத்தியர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தோல்! உடைந்த எலும்பைத் தகடு வைத்துச் சேர்க்கலாம். மூட வேண்டிய தோல் போய்விட்டால் வேலை பல மடங்கு ஆகிவிடுகிறது. அதிலும் உள்ளங்காலின் தோல் உடம்பில் வேறெங்கும் இல்லாத தினுசு. தடித்தது. அடியில் கொழுப்பு மெத்தை வைத்து, எலும்போடு நார்களால் இறுகப் பிணைக்கப்பட்டது. நம் உடல் எடை முழுவதையும் அதுதான் ஆயுள் முழுவதும் தாங்குகிறது. குதிகாலில் அது உரிந்து போனால் தொடையிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ தோலை எடுத்து ஒட்டலாம். ஒட்டிய தோல் பழைய உள்ளங்காலுக்கு ஈடாகாது. நாள் முழுவதும் தறி அருகே நிற்பவருக்கும், வாய்க்கால் வரப்பில் நடப்பவருக்கும் அந்த வித்தியாசம் ஒவ்வோர் அடியிலும் தெரியும்.

சாணமண் என்று வைத்தியர்கள் கணக்கில் சேர்த்திருப்பதும் கொங்கு நாட்டு வாசகர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் வெறுங்காலோடு வண்டியில் போய்வரும் பழக்கம் இங்கே உண்டு.

பூட்ஸ் பலன் தருமா?

தரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தலைநகர்ப் பிரதேசத்தில் 2008-லும் 2009-லும் விபத்தில் சிக்கிய 212 மோட்டார் சைக்கிள்காரர்களை ஆராய்ந்து, 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விழுந்தவர்கள் என்ன அணிந்திருந்தார்கள், எங்கே அடிபட்டது என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கென்றே தடுப்பு வைத்துத் தயாரித்த பூட்ஸ் அணிந்தவர்களுக்குப் பாதத்திலும் கணுக்காலிலும் காயம் வெகுவாகக் குறைந்திருந்தது. அதைவிடச் சுவையான செய்தி ஒன்றும் வெளிப்பட்டது. மோட்டார் சைக்கிளுக்கென்று தயாரிக்கப்படாத சாதாரண பூட்ஸ் போட்டிருந்தவர்களுக்கும், குட்டை ஷூ போட்டிருந்தவர்களோடு ஒப்பிட்டால் காயம்படும் வாய்ப்பு பாதிக்கும் கீழேதான் இருந்தது!

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கணுக்காலை மூடுவதே முக்கியம் என்பது ஒன்று. பெரும் பணம் செலவழித்தால்தான் பாதுகாப்பு என்பதில்லை என்பது மற்றொன்று. அங்கே பூட்ஸை ஒப்பிட்டது ஷூவோடு. ரப்பர் செருப்போடு அல்ல. செருப்பிலிருந்து ஷூவுக்கு ஏறுவது ஒரு படி, ஷூவிலிருந்து பூட்ஸுக்கு ஏறுவது இன்னொரு படி என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் சும்மா இருக்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டு, ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று வந்தது. அந்தச் சமயத்தில், செருப்புப் போட்டு ஓட்டினாலும் அபராதம் என்று ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. அப்படி ஒரு விதியே இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்காரியின் அலுவலகம் அந்த ஆண்டு செப்டம்பரில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. செருப்புக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அபராதம் இல்லை என்பது மெய்தான். அதனால் அபாயமும் இல்லை என்று ஆகிவிடுமா? போலீஸ்காரர் கேட்காத கேள்வியைத் தார்ச்சாலை கேட்கும். அதனிடம் ரசீது வாங்கிக்கொண்டு போய்விட முடியாது.

கடைக்குப் போனால்

சரி, எதை வாங்குவது? வழவழப்பையும் வர்ணத்தையும் பார்த்து வாங்கக் கூடாது. கையால் தொட்டு, வளைத்து, போட்டு, நடந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உயரம்: கணுக்கால் முண்டு இரண்டும் உள்ளே மறைய வேண்டும். முண்டு வெளியே தெரிந்தால் அது ஷூ; மறைந்தால்தான் பூட்ஸ்.

மேல்தோல்: கனமான மாட்டுத்தோல் உராய்வைத் தாங்கும். வலைத்துணி போட்ட ஓட்டப் பயிற்சி ஷூ காற்றோட்டமாக இருக்கும். ஆனால், தார்ச்சாலையில் உரசினால் நொடியில் கிழிந்துவிடும்.

வளைவு: ஒரு கையால் முன்பக்கத்தையும் மறு கையால் குதிப்பக்கத்தையும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல் முறுக்கிப் பார்க்க வேண்டும். துணி போல் முறுகினால் அது வண்டி பாரத்தைத் தாங்காது. பக்கவாட்டில் அழுத்தினாலும் எளிதில் நசுங்கக் கூடாது. குதிகால் வைக்கும் கிண்ணம் கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போகாமல் விறைப்பாக இருக்க வேண்டும்.

அடிப்பாகம்: ரப்பர் சோலாக இருக்க வேண்டும். டயரில் இருப்பது போன்ற பள்ளங்கள் அதில் வேண்டும். வழவழப்பான தோல் சோல், பெட்ரோல் பங்கில் சிந்திய எண்ணெயில் கால் வைத்ததும் வழுக்கும். சோல் ஒட்டியதாக மட்டும் இல்லாமல் சுற்றிலும் தைத்ததாக இருந்தால் உத்தமம்.

ஹீல்: சிறிய ஹீல் இருப்பது நல்லது. கால் மிதியில் பாதம் முன்னும் பின்னும் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். உயரமான ஹீல் கூடாது.

கட்டு: லேஸ் நீண்டு தொங்கினால் கியர் மிதியிலோ சங்கிலியிலோ கிக்கரிலோ சிக்கும். இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். ஒட்டுப்பட்டையோ ஜிப்போ வைத்தது இன்னும் சௌகரியம்.

அளவு: செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்க முடியாது. மாலை நேரத்தில் பாதம் சற்றே வீங்கியிருக்கும். அப்போது போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. கட்டி முடித்த பிறகு யாராவது குதியைப் பிடித்து இழுத்தால் கழலக் கூடாது. விழும்போது கழன்று ஓடுகிற பூட்ஸ், செருப்புக்குச் சமானம்தான்.

கடைசிப் பரீட்சையை வண்டியின்மேல் வைக்க வேண்டும். போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் கியர் மிதியின் அடியில் முன்பாதம் நுழைகிறதா, பிரேக்கை மிதிக்கும்போது காலுக்கு அது புலப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கென்றே தயாரித்த பூட்ஸ் வாங்கும் வசதி உள்ளவர்கள், 'ஈ.என். 13634' என்ற ஐரோப்பியத் தர முத்திரையைத் தேடலாம். ஓர் ஓட்டுநர் படமும், அதன் கீழே நான்கு எண்களும் இருக்கும். உயரம், உராய்வைத் தாங்குதல், வெட்டைத் தாங்குதல், பக்கவாட்டில் நசுங்காமை ஆகிய நான்குக்கும் உரிய மதிப்பு அது. ஒவ்வோர் எண்ணும் 1 அல்லது 2 ஆக இருக்கும்; 2 என்பது உயர்ந்தது. கூடவே 'ஐ.பி.ஏ.' என்ற எழுத்துகள் இருந்தால் கணுக்காலுக்குத் தனித் தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பட்டறை வாசலில் ஒரு வேடிக்கை

கோவைப் பட்டறைகள் பலவற்றில் தொழிலாளருக்குப் பாதுகாப்பு ஷூ கொடுக்கிறார்கள். 'ஐ.எஸ். 15298' என்ற இந்தியத் தரத்தின் இரண்டாம் பகுதிப்படி தயாரித்ததானால், அதன் விரல் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது உண்டாகும் ஆற்றல் அது. வேடிக்கை என்னவென்றால், ரப்பர் செருப்போடு வண்டியில் பட்டறைக்கு வந்து, வாசலுக்குள் நுழைந்தபின் இந்த ஷூவை மாட்டிக்கொள்கிறார்கள் பலர். மாலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் செருப்போடு சாலையில் இறங்குகிறார்கள். நாளின் ஆபத்தான பகுதி பட்டறைக்கு உள்ளே மட்டும்தானா இருக்கிறது?

கணுக்கால் வரை உயர்ந்த பாதுகாப்பு ஷூவாக இருந்தால் அதையே போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாம். புதிதாக ஒரு பைசா செலவில்லை. விரல் கவசம் பருமனாக இருப்பதால், கியர் மிதியின் அடியில் அது நுழைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவையானால் மெக்கானிக்கிடம் சொல்லி மிதியை ஒரு பல் உயர்த்திக்கொள்ளலாம்.

நல்ல தோலுக்கும் தொழிலுக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் வெளிநாடுகளுக்குக் காலணி அனுப்புகின்றன. ஈரோட்டில் தோல் பதனிடும் தொழில் உண்டு. சென்னையில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. அயலூர்க் கால்களுக்கு அளவெடுக்கும் நாட்டில் உள்ளூர்க் கால்கள் வெறுமையாகக் கிடக்க வேண்டுமா?

மழையும் மலையும்

வெயிலுக்கு எப்படி பூட்ஸ் போடுவது என்று கேட்பவர்கள் உண்டு. ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை மாதத்தில் இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைக்காரர்கள் அப்படிச் சொல்வது பொருந்தாது! பருத்திக் காலுறை அணிந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டால் புழுக்கம் பெரிதாகத் தெரியாது.

மலையேறுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. நாமக்கல் கொல்லிமலைக்கு 70. மழைக்காலத்தில் வளைவுகளில் மண்ணும் சருகும் தேங்கிக் கிடக்கும். ஏற்றத்தில் வண்டியை நிறுத்த வேண்டி வந்தால் ஊன்றிய கால் வழுக்கக் கூடாது; வழுக்கினால் வண்டியே சாய்ந்துவிடும். தொளதொளவென்ற கம்பூட்ஸ் வயலுக்கு நல்லது, வண்டிக்கு ஏற்றதல்ல. கியரும் பிரேக்கும் காலுக்குப் புலப்படா. தோல் பூட்ஸின் மேல் மழை உறை மாட்டிக்கொள்வது மேல். அந்த உறையின் அடிப்பாகம் வழுக்காததாக இருக்க வேண்டும்.

பின்னால் இருப்பவர் கால்

ஓட்டுபவர் பூட்ஸ் போட்டுக்கொண்டால் போதாது. பின்னால் இருப்பவருக்கும் இரண்டு கால்கள் உண்டு. புடவை கட்டிய பெண்கள் ஒரு பக்கமாக உட்காரும்போது, சேலையும் காலும் சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காகவே பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. அழகு கெடுகிறதென்று அதைக் கழற்றி எறியும் இளைஞர்கள், பின்னால் உட்காருவது தங்கள் தாயும் தங்கையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெண்கள் உயர்ந்த ஹீலைத் தவிர்த்து, குதியில் வார் உள்ள, விரல் மூடிய காலணியாவது அணிய வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்கும் இதே யோசனைதான். ஸ்கூட்டரில் கியர் மிதி இல்லாவிட்டாலும் தரை இருக்கிறது.

மிகவும் பரிதாபத்துக்கு உரியவை குழந்தைகளின் கால்கள். கால் மிதிக்கு எட்டாத கால்கள் அந்தரத்தில் ஆடுகின்றன. தூக்கம் வந்து கால் உள்ளே திரும்பினால் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்விடுகிறது. குதிகாலின் தோலையும், அதன் பின்னால் உள்ள தடித்த தசைநாரையும் அது அறுத்துவிடும். எலும்பு சிகிச்சை டாக்டர்கள் நன்கு அறிந்த காயம் இது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதி செய்தது. காலைப் பற்றி அந்த விதி பேசவில்லை. அதைப் பெற்றோர்தான் பேச வேண்டும். பள்ளிக்கூட ஷூவைப் பையில் வைத்து எடுத்துப் போகாமல், வண்டி ஏறும் முன்பே குழந்தைக்குப் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சக்கரத்தின் இரு புறமும் வலைத்தடுப்பு வைத்துவிட்டால் மீதிக் கவலையில் பெரும்பகுதி தீர்ந்தது.

விரதம் இருப்பவர்கள்

தைப்பூசத்துக்கு முன்னால் மாலை போட்டு விரதம் இருப்பவர்களும், ஐயப்ப பக்தர்களும் காலில் எதுவும் அணிவதில்லை. பழனிக்குப் பாதயாத்திரை போவோரின் நியமம் அது. மதிக்க வேண்டிய நியமம். ஆனால், வெறுங்காலால் நடப்பது வேறு. வெறுங்காலால் கியர் போடுவது வேறு. நடப்பது விரதத்தின் அங்கம். வண்டி ஓட்டுவது அப்படி அல்லவே! அந்த நாட்களில் மட்டும் பஸ்ஸில் போய்வரலாம். அல்லது வேறொருவர் வண்டி ஓட்டும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். விரதமும் கெடாது, வீட்டாருக்கும் கவலை இருக்காது.

வாங்கினால் போதுமா?

பூட்ஸுக்கும் பராமரிப்பு வேண்டும். நனைந்தால் பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். அடுப்படியிலோ வெயிலிலோ வைத்தால் தோல் வெடிக்கும். மாதம் ஒரு முறை மெழுகுப் பாலிஷ் போட்டால் தோல் இளகியிருக்கும். சோலின் பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பானால், வழுக்கை டயரை மாற்றுவது போல் அதையும் மாற்ற வேண்டும். ஊர்தோறும் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்தால், சோலைச் சுற்றி நைலான் நூலால் தைத்துப் புதிய ஆயுள் கொடுத்துவிடுவார். சில வகை பூட்ஸ்களின் மெத்தென்ற சோல், வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் தானாகவே பொடிந்து உதிர்ந்துவிடும். ஆகவே பூட்டி வைத்துப் பாதுகாப்பதில் பயனில்லை. அது அலமாரிக்கு அல்ல, காலுக்கு.

எல்லாரும் நாளையே பூட்ஸ் வாங்கிவிட வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஒரு மூலையில், பையன் கல்லூரிக்குப் போட்ட ஷூவோ, பட்டறையில் கொடுத்த ஷூவோ கிடக்கத்தான் செய்யும். அதை எடுத்துத் துடைத்து, வாசலில் ஹெல்மெட் மாட்டியிருக்கும் ஆணிக்கு நேர் கீழே வைக்க வேண்டும். வண்டிச் சாவியை அதற்குள் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. சாவியை எடுக்கக் குனியும்போது ஷூவை எடுக்காமல் போக முடியாது. 'பக்கத்துலதானுங்க' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கால் உள்ளே போயிருக்கும்.